நாள் குறிக்கப்படாத தீட்டு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அழுக்கு வேறு, தீட்டு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் நேரும் மயக்கம் நம் சமுதாயம் பற்றிய பேச்சில் பெரும்பகுதியைக் கெடுத்திருக்கிறது. அழுக்கைக் கண் காணும், மூக்கு அறியும், நீரும் உவர்மண்ணும் போக்கும். தீட்டைக் கண் காணாது. அதனைச் சொல்லித்தான் அறியவேண்டும். இன்னாருக்கு இன்று தீட்டு என்று ஒருவர் சொல்ல, மற்றவர் விலகி நிற்க, அதன்பின்தான் தீட்டு என ஒன்று அங்கே உண்டாகிறது. அவ்வகையில் தீட்டு ஒரு பொருளன்று, ஒரு சொல். ஆதலின் சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் அவையில் அதனை ஆராய்வது பொருந்தும்.

தீண்டு என்னும் வினையடியாகப் பிறந்த பெயர் தீட்டு. தொடு என்பதிலிருந்து தொடக்கு வந்தது. ஈழத் தமிழர் அதனைத் துடக்கு என்பர். முட்டு என்பதற்கும் படுதல், மோதுதல் என்பதே அடிப்பொருள். ஆகத் தமிழில் இக்கருத்தைக் குறிக்கும் பழகிய சொற்கள் எல்லாம் தொடுதலைச் சுட்டுகின்றனவேயன்றி மாசினைச் சுட்டவில்லை. (தீட்டுதல் என்னும் சொல்லுக்கு எழுதுதல், ஓவியம் வரைதல், கூராக்குதல் என்னும் பொருள்களும் உண்டு. கவிஞர்கள் அதனைத் தமக்கு நல்லதொரு நிமித்தமாகக் கொள்ளலாம்.)

ஆசாரம் மிக்க வீடுகளின் வழக்கங்களை நோக்கினால் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். துவைத்த பருத்தித் துணியை எவர் கையும் படாதபடி உயரக் கொடியில் உலர்த்தி, கோலால் எடுத்து உடுப்பது மடி. அதே துணியை மடியில்லாத ஒருவர் விரல் நுனியால் தொட்டுவிட்டால் அது விழுப்பு. துணியில் கறை ஏதும் இல்லை. ஆனால் பலநாள் துவைக்காத பட்டுப் புடைவை மடியாக ஏற்கப்படும். நீரில் வெந்த சோறு பத்து. அதனைத் தொட்ட கையைக் கழுவவேண்டும். எண்ணெயிலோ நெய்யிலோ பொரிந்த பண்டத்திற்கு அக்கண்டிப்பு இல்லை. இவற்றுள் எதுவும் அழுக்கைப் பற்றியதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா.

பிரித்தானிய மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-இல் வெளியிட்ட நூலில், தனக்குரிய இடத்தை விட்டுப் பெயர்ந்த பொருளே அழுக்கு எனப்படுகிறது என்றார். கூந்தல் தலையில் இருக்குமளவும் அழகு. அதில் ஓர் இழை சோற்றில் விழுந்தால் அருவருப்பு. பொருள்களுக்கு இவ்விளக்கம் மிகவும் பொருந்துகிறது. மனிதர்களுக்குப் பொருந்துமா என்பது ஐயம். தனக்கென ஒதுக்கப்பட்ட சேரியை விட்டு ஓரடியும் பெயராதவனும் இந்நாட்டில் தீட்டாகவே கருதப்பட்டான். அவன் இடம் மாறியது குற்றமன்று. அவன் இடமே குற்றமாக வகுக்கப்பட்டிருந்தது.

இங்குத்தான் அம்பேத்கரின் நோக்கு உதவுகிறது. தீண்டப்படாதோர் யார் என்னும் வினாவை எடுத்துக்கொண்டு 1948-இல் அவர் வெளியிட்ட நூலின் தொடக்கப் பகுதியில் ஓர் ஒப்பீடு வருகிறது. பிறப்பு, பூப்பு, இறப்பு ஆகியவற்றால் தீட்டு உண்டாகும் என்னும் எண்ணம் உலகின் பழங்குடிகள் பலரிடமும் உண்டு. எகிப்தியர், கிரேக்கர், உரோமர் ஆகியோரும் அதற்கு விலக்கல்லர். ஆனால் அவையனைத்தும் கழிந்துவிடும் தீட்டுகள். சில நாள் ஒதுங்கியிருந்து, நீராடி, சடங்கு செய்துவிட்டால் ஆள் பழையபடி ஊருக்குள் வந்துவிடுவார். கழியாத தீட்டு, தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் தீட்டு, ஒரு மக்கட்கூட்டத்தையே ஊருக்குப் புறத்தே நிறுத்தும் தீட்டு என்பதுதான் இந்நாட்டின் தனித்தன்மை என்று அவர் காட்டினார். பிறமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் 1966-இல் எழுதிய சாதி பற்றிய பெருநூலிலும் தற்காலிகத் தீட்டு, நிலைத்த தீட்டு என்னும் பாகுபாடு பேசப்படுகிறது. ஆனால் துய்மோன் இரண்டையும் ஒரே கயிற்றின் இருமுனைகளாகக் கண்டு அதில் ஓர் ஒழுங்கினை வியக்கிறார். அம்பேத்கர் அக்கயிறு எவர் கழுத்தில் கிடந்தது என்று கேட்கிறார். பின்னவர் கேள்வியே முதன்மையானது.

ஆகவே ஒரு சமுதாயம் எவற்றையெல்லாம் தீட்டென்று சொல்கிறது என்பதைக் காட்டிலும், எந்தத் தீட்டுக்கு எத்தனை நாள் கெடு வைக்கிறது என்பதே அதன் உள்ளமைப்பைக் காட்டிக்கொடுக்கும். மனுவின் நூல் ஐந்தாம் அத்தியாயத்தில் இறப்புத் தீட்டுக்கு நாள் குறிக்கிறது. அந்தணர்க்குப் பத்து நாள்; அரசர்க்குப் பன்னிரண்டு; வணிகர்க்குப் பதினைந்து; சூத்திரர்க்கு ஒரு திங்கள். சாவு ஒன்றுதான், துயரும் ஒன்றுதான். நாள்மட்டும் கீழே இறங்க இறங்க நீள்கிறது. பத்து, பன்னிரண்டு, பதினைந்து, முப்பது என்று ஏறிவரும் இவ்வரிசையின் கடைசியில், நான்கு வருணத்திற்கும் வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு எண்ணே இல்லை. நாள் குறிக்கப்படாத தீட்டு அவனுடையது. நடைமுறையில் தமிழ்நாட்டுக் குடிகள் பலர் பதினாறாம் நாளில் கருமாதி முடித்துத் தீட்டுக் கழித்துக்கொண்டனர். ஏட்டின் கணக்கை நாட்டார் அப்படியே ஏற்கவில்லை என்பதும் கருதத்தக்கதே. ஆனால் ஏட்டின் கடைசிப் படியை நாடும் ஏற்றுக்கொண்டது.

பெண்ணுக்கு வைக்கப்பட்ட கெடு வேறுவகை. திங்கள்தோறும் மூன்று நாள். நான்காம் நாள் தலைமுழுக்கு. வீட்டுக்குத் தூரம், வீட்டு விலக்கு என்றெல்லாம் மென்மையாகச் சொல்லப்பட்டாலும், மதுரை மாவட்டத்துச் சில ஊர்களில் ஊரின் ஓரத்தில் முட்டுவீடு என ஒரு கட்டடமே உண்டு. கெடு உள்ள தீட்டுத்தான். ஆயினும் மீண்டும் மீண்டும் வருவது. கழிகின்ற தீட்டுக்கும் கழியாத தீட்டுக்கும் நடுவே பெண்ணின் உடல் நிறுத்தப்பட்டிருக்கிறது எனலாம்.

தீட்டுக்குக் கெடு உண்டெனில், கெடுமுடிவில் அதனைக் கழிப்பவர் ஒருவர் வேண்டும். சாவு வீட்டுத் துணியையும் பேற்று வீட்டுத் துணியையும் வெளுக்க வண்ணார் வேண்டும். மயிர் களைய நாவிதர் வேண்டும். மகவை ஏந்த மருத்துவச்சி வேண்டும். பறை முழங்கப் பிணம் செல்லவேண்டும். ஒருவரிடமிருந்து நீங்கும் தீட்டு காற்றில் கரைந்துவிடுவதில்லை, நீக்கியவர்மேல் ஏறிக்கொள்கிறது. உயர்ந்தவர் பத்து நாளில் தூயவராவதற்கு மற்றொருவர் வாழ்நாள் முழுதும் தூய்மையற்றவராக இருந்து தீரவேண்டும். சங்கச் செய்யுள்களில் புலைத்தி என்பவள் கஞ்சியிட்டு ஆடை வெளுக்கும் பெண்ணாக வருகிறாள். துடியும் பறையும் முழக்குவோரும் அதே அடியாகப் பிறந்த பெயரால் குறிக்கப்படுகின்றனர். அக்காலத்தே அச்சொல்லில் தீட்டென்னும் பொருள் இருந்ததா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமைப்பாடு இல்லை. இருந்தது என்று 1975-இல் எழுதிய நூலில் ஜார்ஜ் ஹார்ட் வாதித்தார், மறுத்தோரும் உளர். ஆனால் அச்சொல் பிற்காலத்தில் சென்ற வழி ஐயத்துக்கு இடமற்றது. ஊனும் இழிவும் பொய்யும் புலை எனப்பட்டன. துணியை வெளுத்தவளின் பெயரே வசையாயிற்று.

இம்மாற்றத்தின் அடித்தட்டினைப் பார்க்கவேண்டுமானால் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலைப் படிக்கவேண்டும். 1994-இல் வெளிவந்த அந்நாவலின் ஆரோக்கியம், தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடியினள். தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்க்கும் தீட்டு உண்டு. அதனைக் கழிக்க அவர்களுக்கும் கீழே ஒரு குடி வேண்டியிருந்தது. அவள் வீடுவீடாகச் சென்று இராச்சோறு எடுக்கிறாள். களத்தில் தன் பங்குத் தானியத்துக்கு நிற்கிறாள். பிறப்புக்கும் இறப்புக்கும் அவளை அழைக்கிறார்கள், ஏவுகிறார்கள். அவள் கிறித்தவள் என்பதால் இதில் ஒன்றும் மாறிவிடவில்லை. அந்நாவல் வந்தபோது அதனைப் பற்றிக் கடும் விவாதம் எழுந்தது. ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் படிகள் உண்டு என்று காட்டுவது யாருக்குப் பயன்படும் என்று கேட்டனர். நேர்மையான கேள்விதான். எனினும் ஆரோக்கியம் என ஒருத்தி இருந்தாள் என்பதை அக்கேள்வி இல்லையென்று ஆக்கிவிடாது. 1932 டிசம்பரில் ‘இந்து’ நாளிதழில் வெளிவந்த ஒரு செய்தி, திருநெல்வேலி மாவட்டத்தில் கண்ணால் கண்டாலே தீட்டு என்று பகலில் வெளியே வர விடப்படாத வண்ணார் குடியொன்று இருந்ததைக் கூறிற்று. பிறர் உறங்கும் இரவில் அவர்கள் உழைத்தனர். உலகத்தைத் துப்புரவாக்கியவர்களை உலகம் பார்க்கவும் கூசியது.

தொடாமை எப்படிப் பழக்கமாகிறது என்பதற்குப் பாமாவின் ‘கருக்கு’ (1992) ஒரு காட்சி தருகிறது. சேரியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தை அதன் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் நிலக்கிழார்முன் பணிந்து நீட்டுகிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கை பட்டால் தீட்டு என்பதால்தான் கயிற்றைப் பிடித்தார் என்று அண்ணன் விளக்கியபின் அச்சிரிப்பு நின்றுவிடுகிறது. தீட்டைச் சொல்லித்தான் அறியவேண்டும் என்று முதலில் குறித்ததற்கு இதனினும் நல்ல சான்று தமிழ் உரைநடையில் அரிது.

தீட்டு நீரால் கழியும் என்பது பொதுவிதி. நீருக்கே தீட்டுப் பட்டால்? மராட்டியத்தின் மகாடு நகரில் சவதார் குளம் எல்லோர்க்கும் உரியது என்று நகராட்சியே முடிவு செய்திருந்தது. 1927 மார்ச் 20-ஆம் நாள் அம்பேத்கர் தம் மக்களுடன் ஊர்வலமாகச் சென்று அக்குளத்து நீரைக் கையில் அள்ளிப் பருகினார். அதன்பின் உயர்சாதியார் நூற்றெட்டு மண்குடங்களில் பாலும் தயிரும் சாணமும் கோமியமும் கொண்டுவந்து குளத்தைத் தூய்மை செய்தனர். கால்நடைகள் இறங்கிக் குடித்த குளம் அது. ஒரு மனிதன் குடித்ததும் தீட்டாயிற்று. மாட்டின் சாணத்தால் தீட்டு நீங்கிற்று. வழக்கு நடந்து, 1937-இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தீர்ந்தது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய வழக்குகள் நிகழ்ந்தன. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தபோது, இராமநாதபுரம் அரசர் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில் கோயிலைச் சுத்தி செய்யும் செலவும் கோரப்பட்டது. தீட்டு ரூபாய்க் கணக்கில் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கு 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. ஆங்கில நீதிபதிகள் ஆகமம் அறியாதவர்கள். ஆனால் வழக்கம் என்பது அவர்களுக்கும் சட்டமாகத் தோன்றிற்று. 1939 ஜூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலியோர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் சென்றபோது நிலைமை வேறாகியிருந்தது. சுத்தி செய்யாமல் பூசை செய்ய மாட்டோம் என்று பட்டர்களுள் ஒரு சாரார் நின்றனர். சுத்தி செய்தால், உள்ளே வந்தவர் தீட்டு என்று கோயிலே ஒப்புக்கொண்டதாகும். ஆகவே அன்றைய போராட்டம் நுழைவோடு முடியவில்லை. சுத்தி செய்யாமல் கோயில் நடைபெறவேண்டும் என்பதில்தான் அது முழுமை பெற்றது. அவ்வாண்டே சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டமும் வந்தது.

தீட்டு என்பது முன்னோர் கண்ட சுகாதார முறை என்று சொல்வோர் உளர். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது, கைகழுவுதலும் விலகி நிற்றலும் நம் ஆசாரத்தில் என்றோ உள்ளவைதாமே என்று பெருமிதம் பேசியவர்கள் பலர். இவ்வொப்பீடு அவர்களுக்கே எதிரானது. தொற்றுக்கு வைத்த பதினான்கு நாள் தனிமை ஆளின் பிறப்பைக் கேட்டதில்லை. அமைச்சருக்கும் ஏவலருக்கும் நாள்கணக்கு ஒன்றே. பதினைந்தாம் நாள் அவர் வெளியே வந்தார். அவர் மக்கள் தொற்றுடையோராகப் பிறக்கவில்லை. சுகாதாரம் எனில் இப்படித்தான் இருக்கும். தேநீர்க்கடையில் சேரியினர்க்கென்று தனிக்குவளை வைத்து, அதனை அவரையே கழுவி வைக்கச் சொன்னதற்கும் சுகாதாரத்துக்கும் என்ன உறவு?

அரசியல் சட்டத்தின் பதினேழாம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் தீண்டாமை என்றால் என்ன என்று வரையறுக்கவில்லை. அவ்வரையறையின்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது 2018 செப்டம்பர் 28-ஆம் நாள் வெளிவந்த சபரிமலைத் தீர்ப்பில் தெரிந்தது. ஐவர் அமர்வில் நால்வர் பத்து முதல் ஐம்பது அகவை வரையுள்ள பெண்களை விலக்குவது செல்லாது என்றனர். நால்வருள் ஒருவரான நீதிபதி சந்திரசூட், மாதவிலக்கைக் காரணமாக்கிப் பெண்ணை விலக்குவதும் தீண்டாமையின் ஒரு வடிவமே என்றார். மாறுபட்ட நீதிபதி இந்து மல்கோத்ரா, பதினேழாம் பிரிவு சாதித் தீண்டாமையையே குறிக்கும் என்றார். பின்னர் 2019 நவம்பரில் இதனையொட்டிய பொதுக் கேள்விகள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. மூன்று நாள் தீட்டும் வாழ்நாள் தீட்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா என்பதே, சட்டமொழியின் போர்வையை நீக்கிவிட்டால், அங்கே விவாதிக்கப்பட்டது. வேர் ஒன்றாக இருக்கலாம். ஆனால் மூன்று நாள் ஒதுங்கியவள் நான்காம் நாள் எந்த வீட்டுக்குள் திரும்பினாளோ, அந்த வீட்டு வாசலை எந்நாளும் மிதிக்க முடியாதவன் ஒருவன் வெளியே நின்றான் என்பதை மறந்துவிட்டு வேரைப் பேசுவதில் பயனில்லை.

இனிக் கவிஞர்கள் தம் வீட்டையும் பார்க்கவேண்டும். சொல்லுக்குத் தீட்டு உண்டா? நம் இலக்கணம் உண்டு என்கிறது. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கலும், மங்கலமல்லாததை மங்கலமாகச் சொல்லுதலும் தகுதி வழக்கென நன்னூலில் இடம்பெற்றுள்ளன. இவை நாகரிகம் என்று விட்டுவிடலாம். பாட்டியல் நூல்களை அப்படி விடுவதற்கில்லை. எழுத்துகளில் அமுத எழுத்து, நச்செழுத்து எனப் பிரித்து, பாட்டின் முதற்சீர் நஞ்சில் தொடங்கலாகாது என்றன அவை. அதனினும் மேலே சென்று எழுத்துகளுக்கே வருணம் வகுத்தன. உயிரெழுத்துப் பன்னிரண்டும் க, ங, ச, ஞ, ட, ண ஆகிய ஆறும் அந்தணர்க்கு. த, ந, ப, ம, ய, ர அரசர்க்கு. ல, வ, ற, ன வணிகர்க்கு. எஞ்சிய ழ, ள இரண்டும் சூத்திரர்க்கு. தமிழின் தனிப்பெருஞ் சிறப்பென்று மேடைதோறும் முழங்கப்படும் ழகரம் கடைசிப் படியில் நிற்பதைக் கண்டு சிரிக்கத்தான் வேண்டும்.

கலம்பகத்தின் அளவு சிரிப்பதற்குரியதன்று. தேவர்மேல் பாடினால் நூறு செய்யுள், அந்தணர்க்குத் தொண்ணூற்றைந்து, அரசர்க்குத் தொண்ணூறு, அமைச்சர்க்கு எழுபது, வணிகர்க்கு ஐம்பது, வேளாளர்க்கு முப்பது. இக்கணக்கை மனுவின் நாள்கணக்கோடு அருகருகே வைத்துப் பார்க்கலாம். அங்கே கீழே செல்லச் செல்லத் தீட்டு நீள்கிறது. இங்கே கீழே செல்லச் செல்லப் பாட்டுக் குறைகிறது. அங்கே முப்பது நாளோடு எண் நிற்கிறது. இங்கே முப்பது செய்யுளோடு எண் நிற்கிறது. அதற்கப்பால் உள்ளவனுக்கு அங்கே தீட்டுக்கு முடிவில்லை; இங்கே பாட்டே இல்லை. பாட்டியலை இன்று எவரும் கைக்கொள்வதில்லை என்று சொல்லலாம். ஆயினும் 2002-இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தபோது அத்தலைப்பின்மேல் எழுந்த கூச்சலில் நச்செழுத்தின் அச்சம் இல்லையென்று சொல்ல இயலாது. சங்கப் பாட்டிலும் காப்பியத்திலும் கூசாமல் ஆளப்பட்ட சொல் அது. சொல் மாறவில்லை, சொன்னவர் பெண்.

இவ்வேலிகளை மரபுக்குள்ளிருந்தே மிதித்தவர் சிவவாக்கியர். எச்சில் தீட்டென்றால் வாயால் ஓதும் வேதம் எத்தகையது, வண்டின் வாய்பட்ட தேன் எத்தகையது என்று அவர் கேட்டார். எந்தக் குருதியைத் தீட்டென்று ஒதுக்குகிறார்களோ, அதுவே திரண்டு உருவானதுதானே ஒதுக்குகிறவரின் உடலும் என்றார். மாதவிலக்கைச் சித்தர் பாடல்கள் தூமை என்னும் சொல்லால் குறிக்கின்றன. ஒலியில் அது தூய்மைக்கு எத்துணை அண்மையில் இருக்கிறது! தென்மாவட்டங்களில் இன்று அச்சொல் கொடிய வசவு.

நீரால் கழியாத தீட்டுக்கு நம் கதைமரபு கண்ட வழி நெருப்பு. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் தில்லையின் எல்லையிலேயே நின்று வலம்வருகிறார். அவரை அழைத்துவர வேண்டும் என்று இறைவனுக்கும் விருப்பந்தான். ஆனால் எரியில் மூழ்கி வருக என்கிறான். நெருப்பிலிருந்து வெளிவந்தவர் முப்புரிநூல் அணிந்த முனிவராகக் காட்சியளிக்கிறார். தீட்டு நீங்கியதென்றால் பொருள், அவர் அவராக இல்லை என்பதே. கோபாலகிருஷ்ண பாரதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கதைக்குள் ஒரு வேதியப் பண்ணையாரைக் கொண்டுவந்து, நாற்பது வேலி நிலத்தையும் கொண்டுவந்தார். தீட்டின் பின்னால் நெல் இருக்கிறது என்பதை அவ்விசைநாடகம் கேட்டோர்க்கு உணர்த்தியது. இந்திரா பார்த்தசாரதி தம் ‘நந்தன் கதை’ நாடகத்தில் நெருப்பை வெறும் நெருப்பாகவே காட்டினார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் நாற்பத்து நான்கு பேர் எரிக்கப்பட்டிருந்தனர். கூலியை உயர்த்திக் கேட்டதும் செங்கொடிச் சங்கத்தில் நின்றதும் அவர்கள் செய்த குற்றம். அந்த நெருப்பிலிருந்து முனிவர் எவரும் எழுந்து வரவில்லை.

பெண்ணின் கற்புக்கும் நெருப்பே சான்றாக்கப்பட்டது. சீதைக்கு நெருப்பு, அகலிகைக்குக் கல். கல்லாகக் கிடத்தல் என்பது நாள் குறிக்கப்படாத தீட்டின் வேறோர் உருவம். கம்பர் விசுவாமித்திரரின் வாயிலாக அவள் நெஞ்சில் பிழையில்லை என்று கோதமருக்குச் சொல்ல வைத்து, அவளை ஏற்கச் செய்தார். ஏற்றபின் என்ன ஆயிற்று என்று புதுமைப்பித்தன் கேட்டார். 1943-இல் வெளிவந்த ‘சாபவிமோசன’த்தில் அகலிகை மனித உருப்பெற்று வாழ்கிறாள், கோதமரும் அன்போடுதான் இருக்கிறார். ஆனால் மற்றப் பெண்களின் பார்வை அவளைவிட்டுப் போவதில்லை. சாபம் தீர்ந்தது; தீட்டுத் தீரவில்லை. வனவாசம் முடிந்து வந்த சீதை தான் நெருப்பில் இறங்கிய செய்தியைச் சொல்லும்போது, தன்னை மீட்ட இராமனே அதனைக் கேட்டான் என்று அறிந்த அகலிகை நடுங்கிப்போகிறாள். இறுதியில் மீண்டும் கல்லாகிறாள். இம்முறை எவரும் சபிக்கவில்லை.

ஜெயகாந்தன் 1966-இல் ‘ஆனந்த விகட’னில் எழுதிய சிறுகதையின் பெயர் ‘அக்கினிப் பிரவேசம்’. மழைநாளில் காரில் ஏற்றிச்செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்ட கல்லூரி மாணவி வீடு திரும்புகிறாள். அவள் தாய் கைம்பெண். ஆசாரம் மிக்க குடும்பத்தவள். மகளை அடிக்கிறாள், பதறுகிறாள். பின்னர் அண்டை அயலார் அறியாமல் உள்ளே அழைத்துச் சென்று அவள் தலைமேல் தண்ணீரை ஊற்றுகிறாள். கதையின் பெயரில் நெருப்பு இருக்கிறது. கதைக்குள் இருப்பது நீர். தாயும் அதனை நெருப்பென்றே சொல்கிறாள் என்பது உண்மைதான். ஆனால் அவள் கையில் இருந்தது, மூன்று நாள் தீட்டுக்கும் பத்து நாள் தீட்டுக்கும் அவ்வீட்டில் நாள்தோறும் புழங்கிய அதே நீர். வாழ்நாள் முழுதும் கழியாது என்று ஊர் விதித்திருந்த ஒன்றை, ஒரு முழுக்கில் கழிகின்ற தீட்டின் வரிசைக்கு அந்தத் தாய் இறக்கிவிட்டாள். ஆசாரத்தை அவள் மறுக்கவில்லை. அதன் கெடுவை மாற்றினாள். அக்கதைக்கு எழுந்த எதிர்ப்பில் பலர், இப்பெண் எப்படித் தூயவளாவாள் என்றே கேட்டனர். குளிப்பாட்டிய தாயை விட்டுவிட்டு, குளித்த பெண்ணை வழக்காடினர். காரில் வந்தவனைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை.

அக்கேள்விக்கு ஜெயகாந்தன் எழுதிய மறுமொழிதான் பிற்பாடு சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதில் தாய் தண்ணீர் ஊற்றவில்லை, அலறிவிடுகிறாள். ஊர் அறிகிறது, அண்ணன் வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். கங்கா படித்து, அலுவலில் உயர்ந்து, தன் ஊதியத்தில் தாயையும் வைத்துக் காக்கிறாள். ஆனால் கெட்டுப்போனவள் என்னும் பெயர் அவளை விடுவதில்லை. அந்நாவலுக்குள்ளேயே ‘அக்கினிப் பிரவேசம்’ ஒரு பத்திரிகைக் கதையாக வருகிறது. கங்கா அதனைப் படிக்கிறாள்; தாயும் படிக்கிறாள். தான் ஊற்றாத தண்ணீரை, இத்தனை ஆண்டு கழித்து, அந்தத் தாய் அச்சில் பார்க்கிறாள்.